கை எம்ப்ராய்டரி ஊசி: எண்ணைப் பார்க்கும் முன் துளையைப் பாருங்கள்

சாட்டின் தையல் (இடைவெளி விடாமல் பக்கம் பக்கமாகப் போட்டு நிரப்பும் தையல்) போட்ட இதழின் ஓரம் நேராக நிற்காமல் பிசிறடிக்கிறது. துணி லேசாகச் சுருங்குகிறது. நூல் பாதி தீர்வதற்குள் பளபளப்பு போய்ப் பஞ்சு பஞ்சாகிறது. இப்படி ஆனால் பலரும் முதலில் நூலை மாற்றுவார்கள், அடுத்து துணியை மாற்றுவார்கள். ஊசியை மட்டும் மாற்றிப் பார்க்க மாட்டார்கள். மேலே சொன்ன மூன்று கோளாறுகளும் ஒரே காரணத்தால் வரலாம்: நூலுக்குப் பொருந்தும் அளவில் ஊசி துணியில் துளை திறக்கவில்லை, ஒன்று சின்னதாகிறது அல்லது பெரிதாகிறது.

இங்கே பேசப்போவது பெரும்பாலும் வரைந்த கோட்டின் மேல் போடும் எம்ப்ராய்டரி பற்றித்தான். காம்புத் தையல், சங்கிலித் தையல், சாட்டின், லாங் அண்ட் ஷார்ட், பிரெஞ்ச் நாட், புல்லியன் ரோஜா எல்லாம் இதில் அடக்கம். கட்டங்களை எண்ணிப் போடும் கிராஸ் ஸ்டிச்சுக்குத் தேவைப்படும் ஊசி வேறு. அதையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன்.

ஊசியின் வேலை என்ன?

ஊசிக்கு மூன்று இடங்கள் முக்கியம்: முனை, தண்டு, காது. முனை துணியைப் பிளக்கிறது, தண்டு அந்தப் பிளவை அகலப்படுத்துகிறது. அடுத்து வரும் காதில்தான் சிக்கலே. காதில் கோர்த்த நூல் அங்கே மடிந்து இரட்டையாக நிற்கிறது. இரண்டு இழை கோர்த்திருந்தால் அந்த இடத்தில் நான்கு இழை, மூன்று என்றால் ஆறு. இந்த மடிப்பு உரசாமல் கடக்கும் அளவுக்குத் துளை திறக்க வேண்டும்.

ஊசி தேவைக்கு மேல் மெலிதாக இருந்தால் ஒவ்வொரு தடவையும் காதுப் பக்கம் துணியில் மாட்டும். பிடித்து இழுப்பீர்கள், துணி சுருங்கும். நூலின் மேற்பரப்பு நெசவில் தேய்ந்து பஞ்சு எழும். ஊசி தேவைக்கு மேல் தடிமனாக இருந்தால் நூல் போன பிறகும் துளை மூடாது. தையல் அந்தத் துளைக்குள் இப்படியும் அப்படியும் நகரும், அதனால் இதழின் ஓரம் நேராக நிற்காது. காம்புத் தையலில் கோடு நெளியும். வெளிர் நிறத் துணியில் தையலைச் சுற்றி ஊசி குத்திய தடமும் தெரியும்.

சோதிப்பது எளிது. வேலை செய்யப் போகும் அதே துணியின் ஓரத்தை வளையத்தில் இழுத்து மாட்டுங்கள். அதே நூல், அதே இழை எண்ணிக்கை. ஐந்தாறு தையல் போட்டுப் பாருங்கள். காது கடக்கும்போது சின்னதாக ஒரு தடை தெரிந்து, உடனே நூல் வழுக்கிக்கொண்டு வர வேண்டும். 'டொப்' என்று சத்தம் கேட்டாலோ, விரலால் இறுக்கிப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தாலோ ஒரு அளவு பெரிய ஊசிக்குப் போங்கள். பிறகு துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நூல் நுழைந்த இடத்தைச் சுற்றி ஒளிப்புள்ளி தெரிந்தால் ஊசி பெரிது, ஒரு அளவு இறங்குங்கள். பாக்கெட்டில் என்ன எண் போட்டிருந்தாலும் இந்தச் சோதனை சொல்வதுதான் கடைசி வார்த்தை.

எண்களில் இருக்கும் குழப்பம்

எண் ஏற ஏற ஊசி மெலியும். 10ஆம் எண் 5ஆம் எண்ணை விட மெலிது. இதுவரை எல்லோருக்கும் தெரியும். ஆனால் எல்லா வகை ஊசிக்கும் ஒரே எண்வரிசை கிடையாது. க்ரூவல், ஷார்ப்ஸ், மில்லினர்ஸ் ஆகியவற்றின் எண்கள் 1இல் தொடங்கி 10, 12 என்று போகும். செனில், டேப்பஸ்ட்ரி ஊசிகள் இன்னொரு வரிசை: கடைகளில் பெரும்பாலும் 18இல் இருந்து 26, 28 வரை கிடைக்கும். இந்த இரண்டு வரிசைகளையும் ஒன்றோடொன்று ஒப்பிடக் கூடாது. 24ஆம் எண் டேப்பஸ்ட்ரி ஊசி 9ஆம் எண் க்ரூவலை விடத் தடிமன். 'எண் பெரிது, எனவே மெலிதாக இருக்கும்' என்று நினைத்து வாங்கி ஏமாறுவது இங்கேதான்.

ஒரே எண்ணாக இருந்தாலும் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் சிறு வித்தியாசம் இருக்கும். இங்கிலாந்தின் ஜான் ஜேம்ஸ் ஊசியையும், பிரான்ஸின் பொஹின் ஊசியையும், ஜப்பானின் ஹிரோஷிமாவில் இருந்து வரும் டியூலிப் ஊசியையும் ஒரே எண்ணில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தண்டின் நீளத்திலும் காதின் வடிவிலும் வேறுபாடு தெரியும். எனவே ஒரு நிறுவனத்தின் 9ஆம் எண் கைக்குப் பழகிவிட்டால், அதையே தொடர்ந்து வாங்குவது நல்லது.

தினசரி வேலைக்கு க்ரூவல்

கடையில் 'எம்ப்ராய்டரி ஊசி' என்று கேட்டால் பெரும்பாலும் எடுத்துக் கொடுப்பது இதைத்தான். கூர்முனை, நீளமான காது. காது நீளமாக இருப்பதால் ஒன்றோடொன்று முறுக்காத இழைகள் ஒன்றன் மேல் ஒன்றாகத் தட்டையாக உட்காரும், நசுங்காது. ஷார்ப்ஸ் ஊசியின் தண்டும் கிட்டத்தட்ட இதே அளவுதான். ஆனால் அதன் காது சின்ன வட்டம், ஒற்றைத் தையல் நூலுக்குப் பொருந்தும்.

டிஎம்சி போன்ற சாதாரண எம்ப்ராய்டரி நூல் 8 மீட்டர் கண்டாக வரும், உள்ளே 6 இழை. ஒரு இழைக்கு 10ஆம் எண் க்ரூவல். இரண்டு இழைக்கு 9 அல்லது 8. மூன்றுக்கு 7. நான்குக்கு 6 அல்லது 5. ஆறு இழையையும் சேர்த்துப் போட்டால் 3 அல்லது 4. நெருக்கமாக நெய்த பருத்தித் துணியை மனதில் வைத்துச் சொல்லும் கணக்கு இது.

இரண்டு இழைக்கு 8ஆ 9ஆ என்பதில் ஆளுக்கொரு கருத்து. என் தேர்வு 9. சாட்டின் தையலில் அடுத்தடுத்த தையல்கள் ஒட்டி உட்கார வேண்டும். துளை சின்னதாக இருந்தால்தான் பக்கத்துத் தையலின் துளையோடு அது கலக்காமல் இருக்கும். 9இல் நூல் கோர்க்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். ஆனால் துணி கெட்டியாக இருந்தால், குறிப்பாக அடியில் இன்னொரு அடுக்கு மெல்லிய துணி வைத்துத் தைத்தால், தயங்காமல் 8க்குப் போங்கள்.

நீளமும் குட்டையுமாக மாற்றி மாற்றிப் போட்டு நிரப்பும் லாங் அண்ட் ஷார்ட் தையலில் நிறம் கலக்கும்போது முந்தைய வரிசைத் தையலின் நடுவே இழையைப் பிளந்து ஊசி நுழைய வேண்டும். இங்கே முனையின் கூர்மைதான் எல்லாம். ஒரு இழையும் புதிய 10ஆம் எண்ணும் எடுத்துக்கொள்ளுங்கள். முனை மழுங்கிய ஊசி இழையைப் பிளக்காமல் ஒதுக்கிவிடும், நிறங்களுக்கு நடுவே கோடு கோடாகத் தெரியும். பிளவுத் தையலுக்கும் இதே விதி.

புல்லியனுக்கு மில்லினர்ஸ்தான்

புல்லியன் நாட் (ஊசித் தண்டில் நூலைப் பல சுற்று சுற்றி, ஊசியை உருவிப் போடும் சுருள் முடிச்சு) வரவே மாட்டேன் என்கிறது என்பவர்கள் பெரும்பாலும் க்ரூவல் ஊசியில் முயற்சி செய்பவர்கள். க்ரூவல் ஊசியைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து மெல்ல உருட்டியபடி முனையில் இருந்து காது வரை நகர்த்திப் பாருங்கள். காது வந்ததும் விரலில் ஒரு புடைப்பு தட்டும். தண்டில் சுற்றிய சுற்றுகள் அந்தப் புடைப்பைத் தாண்ட முடியாமல் நிற்கும். பலமாக இழுத்தால் சில சுற்று இறுகும், சில தளரும், கடைசியில் முடிச்சு கோணலாக நிற்கும்.

மில்லினர்ஸ் ஊசியில் அந்தப் புடைப்பு கிடையாது. ஸ்ட்ரா ஊசி என்று சொல்வதும் இதைத்தான். முன்பு தொப்பி தைப்பவர்கள் பயன்படுத்திய ஊசி என்பதால் நல்ல நீளம், சின்ன வட்டக் காது, காதும் தண்டும் கிட்டத்தட்ட ஒரே தடிமன். சுற்றுகள் வழுக்கிக்கொண்டு கடக்கும். ஒரு இழைக்கு 9 அல்லது 10, இரண்டு இழைக்கு 7, மூன்றுக்கு 5, ஆறு இழைக்கு 3 என்று எடுத்தால் சரியாக இருக்கும்.

இதை ஏன் அளவு பார்த்து எடுக்க வேண்டும் என்றால், புல்லியன் சுருளின் உள்வெற்றிடம் ஊசியின் தடிமனே. ஊசியை உருவிய பிறகு அந்த வெற்றிடத்தில் நிற்பது நூல் மட்டும்தான். இரண்டு இழை நூலை 1ஆம் எண் ஊசியில் சுற்றினால் உள்ளே இடம் மிச்சம் இருக்கும். சுருள் தொளதொளவென்று அமுங்கும், துவைத்ததும் சுற்றுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிடும். மிக மெலிந்த ஊசியில் சுற்றினால் நூல் உள்ளே ஓட இடமிருக்காது, இழுக்கவே முடியாது.

போடும் முறை இது. முதல் புள்ளியில் நூலை மேலே எடுங்கள். சுருள் எவ்வளவு நீளம் வேண்டுமோ அவ்வளவு தள்ளி ஊசியை உள்ளே விட்டு, முதல் புள்ளியிலேயே முனையை வெளியே கொண்டு வாருங்கள். ஊசியை முழுதாக இழுக்க வேண்டாம். தண்டில் பாதிக்கு மேல் துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். நூலைத் தண்டில் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகச் சுற்றுங்கள். சுற்றுகளின் மொத்த நீளம் இரண்டு புள்ளிக்கும் நடுவே உள்ள தூரத்தோடு சமமானதும் ஒன்றிரண்டு சுற்று கூடுதலாகப் போடுங்கள். ரோஜா இதழ் போல வளைய வேண்டுமானால் இன்னும் நான்கைந்து சேர்க்கலாம். சுற்றுவது நூலைத் தண்டில் கிடத்துவது போல இருக்கட்டும், இறுக்க வேண்டாம். சுற்றும்போது இழைகள் தனித்தனியாகப் பிரிவதைப் பார்த்தால் நூலின் முறுக்குக்கு எதிர்த் திசையில் சுற்றுகிறீர்கள் என்று அர்த்தம். திசையை மாற்றுங்கள்.

பிறகு சுற்றுகளை விரல்களால் மெல்லப் பொத்திப் பிடித்து, இன்னொரு கையால் ஊசியை நேராக உருவுங்கள். மேல்நோக்கி இழுத்து, பிறகு இரண்டாம் புள்ளி பக்கமாகச் சாய்த்தால் சுருள் படுத்துக்கொள்ளும். சுற்றுகள் ஒரு பக்கமாகக் குவிந்திருந்தால் ஊசியின் தண்டைச் சுருளுக்கு அடியில் கொடுத்துத் தடவுங்கள், சீராகும். கடைசியாக இரண்டாம் புள்ளியில் ஊசியை இறக்குங்கள்.

ஊசியின் மேல் நூலைக் கண்ணி கண்ணியாக ஏற்றிப் போடும் காஸ்ட் ஆன், டிரிசில் தையல்களுக்கும் இதே ஊசிதான். பிரெஞ்ச் நாட்டுக்கு ஒரு சுற்று, இரண்டு சுற்று என்றால் க்ரூவல் போதும். அதற்கு மேல் போனால் மில்லினர்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் மில்லினர்ஸை வைத்து மொத்த வேலையையும் செய்ய வேண்டாம். நீளம் அதிகம் என்பதால் சின்னத் தையலில் கை கட்டுப்பாடு குறையும். மெலிந்த எண்கள் சீக்கிரம் வளையவும் செய்யும்.

செனிலும் டேப்பஸ்ட்ரியும்

ஒரே எண்ணில் இந்த இரண்டும் ஒரே உடம்பு. தடித்த தண்டு, அகலமான நீள்காது. வித்தியாசம் முனையில் மட்டும்: செனில் கூர்மை, டேப்பஸ்ட்ரி மழுங்கல்.

தடித்த நூலைத் துணிக்குள் செலுத்த வேண்டிய இடமெல்லாம் செனில். பெர்ல் காட்டன் (இழை பிரிக்காமல் அப்படியே தைக்கும் முறுக்கிய பருத்தி நூல்) 5ஆம் எண்ணுக்கு 22, 8க்கு 24, 12க்கு 26. நூலின் எண்ணும் ஏற ஏற மெலியும் என்பதைக் கவனியுங்கள். கம்பளி நூலுக்கும் செனில்தான் வசதி, ஒற்றை இழைக்கு 22 அல்லது 24. கம்பளி இழை உரசலில் சீக்கிரம் பிய்ந்துவிடும். அதற்குத் தாராளமான துளை வேண்டும். பட்டு ரிப்பன் எம்ப்ராய்டரிக்கும் இதே ஊசி, ரிப்பன் மடங்காமல் காதில் விரிந்து நிற்க வேண்டும். 4 மி.மீ. ரிப்பனுக்கு 20 அல்லது 22 போதும், 7 மி.மீ. என்றால் 18.

டேப்பஸ்ட்ரியைக் கிராஸ் ஸ்டிச் ஊசி என்று ஒதுக்கி வைக்காதீர்கள். அங்குலத்துக்கு 14 கட்டம் உள்ள ஐடா துணியில் (கட்டம் கட்டமாக நெய்த துணி) 24ஆம் எண், 16, 18 கட்டத்தில் 26ஆம் எண் என்பது அதன் வழக்கமான வேலை. ஆனால் துணிக்கு மேலேயே நூலுக்குள் நூல் விட்டுப் போடும் தையல்கள் எல்லாவற்றுக்கும் மழுங்கிய முனைதான் வேண்டும். சக்கர ரோஜாவில் சக்கரத்தின் ஆரம் போல நூலாலேயே ஐந்து கம்பி போட்டு அவற்றின் மேலும் கீழும் நூலை ஓட்டும்போது, கூர்முனை கம்பியைக் குத்திப் பிளந்துவிடும். காம்புத் தையலைச் சுற்றி இன்னொரு நிறத்தைச் சுற்றும்போதும் அப்படியே. கம்பிகளை க்ரூவலில் போட்டுவிட்டு, நெசவுக்கு 26ஆம் எண் டேப்பஸ்ட்ரியில் நூலை மாற்றிக் கோர்த்துக்கொள்ளுங்கள். மாற்ற நேரமில்லை என்றால் அதே ஊசியைத் திருப்பிப் பிடித்து, காதுப் பக்கத்தை முன்னால் விட்டு நெய்யலாம்.

துணி மாறினால் ஊசி மாறும்

மேலே சொன்ன எண்களைத் துணி ஒரு படி ஏற்றும் அல்லது இறக்கும். லினன் போல இடைவெளியுள்ள நெசவில் துளை தானாக மூடிக்கொள்ளும், ஒரு அளவு பெரிய ஊசி தொந்தரவு தராது. சாட்டின் துணி, டஃபேட்டா, நெருக்கமான பட்டு ஆகியவற்றில் குத்திய துளை பெரும்பாலும் நிரந்தரம். தப்பாகக் குத்தி நூலைப் பிரித்தாலும் புள்ளி நிற்கும். நூலை ஒரு இழையாகக் குறைத்து 10ஆம் எண் எடுங்கள், முனை புதிதாக இருக்கட்டும். மழுங்கிய முனை பட்டின் நெசவு நூல் ஒன்றை மாட்டி இழுத்துவிடும், துணியின் குறுக்கே ஒரு சுருக்கக் கோடு ஓடும். அதைச் சரிசெய்வது கஷ்டம்.

டி-ஷர்ட் போன்ற பின்னல் துணிக்கு முனை உருண்ட பால்பாயின்ட் ஊசி இருக்கிறது. அது நூலைக் குத்தாமல் கண்ணிகளுக்கு நடுவே ஒதுங்கி நுழையும். கூர்முனை கண்ணியை அறுத்தால் சில சலவையிலேயே ஓட்டை விழும்.

ஜரிகை, மெட்டாலிக் நூலுக்கு அதே தடிமனுள்ள பருத்தி நூலுக்கு எடுப்பதை விட ஒன்றிரண்டு அளவு பெரிய ஊசி எடுங்கள். மேலே சுற்றியிருக்கும் பளபள நாடா உரசலில் உரிந்துவிடும். நீளமும் 30 செ.மீ. தாண்ட வேண்டாம்.

மணி தைப்பதற்கு ஊசியை முடிவு செய்வது துணியல்ல, மணியின் துளைதான். ஊசி வாங்கும் முன் காதுப் பக்கத்தை மணிக்குள் விட்டுப் பாருங்கள். முனை நுழைவது எதையும் நிரூபிக்காது. 11/0 அளவு மணிக்கு 10ஆம் எண் பீடிங் ஊசி (மணி கோர்க்கும் மெல்லிய ஊசி) சரியாக இருக்கும், அதைவிடச் சின்ன 15/0 மணி என்றால் 12க்குப் போக வேண்டும். வளையத்தில் வேலை செய்யும்போது நீளமான பீடிங் ஊசி வளைந்து எரிச்சலூட்டும். குட்டை பீடிங் ஊசி கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

கோர்ப்பதில் சில நுணுக்கங்கள்

ஊசிக் காது ஒரு பக்கத்தில் இருந்து அடித்துத் திறக்கப்படுவதால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. நூல் நுழைய மறுத்தால் ஊசியை அப்படியே அரைச் சுற்று திருப்பி மறுபக்கத்தில் இருந்து முயலுங்கள். பல நேரம் இதுவே போதும்.

நூலை வாயில் வைத்து நனைப்பது வழக்கம். ஆனால் ஈரத்தில் பருத்தி உப்பும். அதைவிட, நூலின் நுனியைச் சாய்வாக வெட்டி, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நுனி மட்டும் லேசாகத் தெரியும் அளவுக்கு நசுக்கிப் பிடித்து, காதை அதன் மேல் இறக்குங்கள். மூன்று இழைக்கு மேல் என்றால் நூலை ஊசியின் தண்டில் மடித்து இறுக்கி, ஊசியை உருவிவிட்டு, அந்த மடிப்பையே காதுக்குள் தள்ளலாம்.

இரண்டு இழை வேண்டுமென்றால் இரண்டையும் சேர்த்து உருவாமல், ஒவ்வொன்றாக உருவி, பிறகு சேருங்கள். தட்டையாகப் படியும், முறுக்கிக்கொள்ளாது. நீளம் 45 செ.மீ. அளவில் நிறுத்துங்கள். விரல் நுனியில் இருந்து முழங்கை வரை என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு தையலுக்கு நூல் இரண்டு முறை துணியைக் கடக்கிறது. அதாவது 50 தையல் போட்டால் காதில் மடிந்திருக்கும் இடம் 100 முறை உரசியிருக்கும். அதனால்தான் நூல் முதலில் அறுவது காதருகே. நாலைந்து தையலுக்கு ஒரு முறை ஊசியை நூலில் ஒரு செ.மீ. நகர்த்தினால் தேய்மானம் ஓரிடத்தில் சேராது.

எப்போது தூக்கிப் போடுவது?

ஊசி உடையும் வரை வைத்துக்கொள்வதுதான் எம்ப்ராய்டரி செய்பவர்களிடம் நான் பார்க்கும் பெரிய கெட்ட பழக்கம். மேசை மேல் ஊசியை உருட்டுங்கள். நேரான ஊசி சீராக உருளும், வளைந்தது தடுக்கித் தடுக்கி உருளும். வளைந்த ஊசி நீங்கள் குறிவைத்த புள்ளியில் இருந்து ஒரு மயிரிழை தள்ளியே வெளியே வரும். சாட்டின் ஓரத்தில் அது பளிச்சென்று தெரியும். முனையைப் பழைய நைலான் காலுறைத் துண்டில் மெல்ல இழுத்துப் பாருங்கள். மாட்டினால் முனையில் பிசிறு இருக்கிறது.

நிக்கல் பூச்சு தேய்ந்ததும் தண்டு மங்கிக் கறுக்கும், துணியில் வழுக்காமல் ஒட்டும். கை அதிகம் வியர்ப்பவர்களுக்கு இது சீக்கிரம் நடக்கும். எமரித் தூள் (உரசித் தேய்க்கும் கரடான தூள்) நிரப்பிய சின்னப் பொதியில் சில முறை குத்தி எடுத்தால் அழுக்கும் லேசான துருவும் போகும். தினமும் அப்படிச் செய்தால் மிச்சமிருக்கும் பூச்சும் போய்விடும். தங்கப் பூச்சு ஊசி வழுக்கலாகப் போகும், வியர்வைக்குச் சீக்கிரம் கறுக்காது. அதன் பூச்சும் பயன்படுத்தப் பயன்படுத்தத் தேயும். வேலையை நிறுத்தும்போது ஊசியைப் பூவேலையின் நடுவே குத்தி வைக்காதீர்கள். சில நாளில் துருக்கறை படியும். வளையத்துக்கு வெளியே, வெட்டி எறியப் போகும் ஓரத்தில் குத்துங்கள்.

முதன்முதலாக வாங்குவதென்றால் கலப்புப் பாக்கெட்டுகள் போதும். பாக்கெட்டில் 5/10 என்று இருந்தால் 5இல் இருந்து 10 வரையுள்ள எண்கள் உள்ளே இருக்கின்றன என்று அர்த்தம். க்ரூவல் 5/10 ஒன்று, மில்லினர்ஸ் 3/9 ஒன்று, செனில் 18/24 ஒன்று, டேப்பஸ்ட்ரி 26 ஒன்று. ஓரிரு மாதத்தில் எந்த எண் அடிக்கடி தீர்கிறது என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் அது க்ரூவல் 9ஆக இருக்கும். அதை மட்டும் தனி எண் பாக்கெட்டாக வாங்குங்கள். பாக்கெட்டைப் பிரித்ததும் ஊசிகளை ஒரே ஊசி மெத்தையில் கலந்து குத்தாமல், ஒரு ஃபெல்ட் துண்டில் வரிசை வரிசையாகக் குத்தி, பக்கத்தில் வகையையும் எண்ணையும் எழுதி வையுங்கள். கலந்துபோன 8ஐயும் 9ஐயும் கண்ணால் பிரிப்பது கஷ்டம். அப்போது தெரிந்த ஓர் ஊசியோடு பக்கத்தில் வைத்துக் காதுகளை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். தண்டை விடக் காதில்தான் வித்தியாசம் முதலில் தெரியும்.